முதுமாணி வாசலில் மலையகம்

தோட்டத்துப் பிள்ளை புள்ளிவிபரவியலில் பட்டம் பெற்றுவிட்டால் அதற்குமேல் யார் கைகொடுப்பது? பல்கலைக்கழகத் துறைகள் எழுதிவைக்க வேண்டிய விதிகள் எவை?

இலங்கையின் மலையகத்தில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் சென்கூம்ஸ் தோட்டம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தலைமையிடம் அதுதான். அந்த நிறுவகத்தில் வேலைபார்த்த டி. ஈடன் என்ற விஞ்ஞானி 1931இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தேயிலை மலையில் சோதனை நடத்தினால் அளவீட்டில் எவ்வளவு பிழை வரும் என்பதுதான் அவருடைய கேள்வி. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு ஒரே உரம், ஒரே கவனிப்பு. ஆனாலும் கொழுந்தின் நிறை துண்டுக்குத் துண்டு மாறும். அந்த மாற்றத்தை முதலில் அளந்துவைத்தால்தான், பலன் தந்தது புதிய உரமா, ஏற்கெனவே நல்லதாக இருந்த மண்ணா என்று பிறகு சொல்ல முடியும்.

ஈடன் சாதாரண ஆள் அல்ல. இலங்கைக்கு வருமுன் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்தவர். நவீன புள்ளிவிபரவியலுக்கு அடித்தளமிட்ட ரொனால்ட் ஃபிஷருடன் சேர்ந்து 1927இலும் 1929இலும் கட்டுரை எழுதியவர். கல்கத்தாவில் பி.சி. மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவகத்தைத் தொடங்கியதும் அதே 1931இல்தான். இந்தத் துறை உலகில் கண்விழித்த காலத்திலேயே நம் மலைக்கு வந்துவிட்டது.

அன்று அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். எண்கள் அவர்கள் கையிலிருந்து பிறந்தன. கணக்கை வேறு யாரோ எழுதினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய கொள்ளுப்பேத்திகளும் கொள்ளுப்பேரன்களும் பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் புள்ளிவிபரவியல் படிக்கிறார்கள். முதல் பட்டத்துக்குமேல் படிக்க அவர்களுக்கு ஒழுங்கான வழி உண்டா என்பதே இந்தக் கட்டுரை. மூளைக்குக் குறைவில்லை. முதல் பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் நடுவிலுள்ள வருமானமில்லாத மாதங்களும், பல துறைகளில் தெளிவாக எழுதிவைக்கப்படாத விதிகளும்தான் அவர்களை நிறுத்துகின்றன.

மடுவத்தில் தொடங்கும் கணக்கு

கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், நின்று பாருங்கள். முதுகிலிருந்து இறக்கிய கொழுந்து தராசில் தொங்குகிறது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிறார். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைப் புத்தகத்தில் எழுதுகிறார். குறித்த கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். வராவிட்டால் அரைப் பேர். மேலே வந்தால் கிலோவுக்குக் கைக்காசு. நிற்கிற ஒவ்வொரு பெண்ணும் தன் நிறையை மனதில் ஏற்கெனவே கணித்து வைத்திருக்கிறாள். கழித்தது கூடிப்போனால் அவளுக்குத் தெரியும்.

இது முழுக்க முழுக்கப் புள்ளிவிபரவியல். கொழுந்து பொங்கிவரும் மாதத்திலும் வறட்சி மாதத்திலும் ஒரே கிலோவைக் கேட்பது நியாயமா? செங்குத்தான மலைக்கும் சமதரைக்கும் ஒரே அளவா? வயதான தேயிலைக்கும் புதிதாக நட்ட தேயிலைக்கும்? ஈரத்துக்கென்று கழிக்கும் கிலோ உண்மையான ஈரத்தோடு ஒத்துப்போகிறதா? இவை ஒவ்வொன்றும் முதுமாணி ஆய்வுக்குத் தகுந்த தலைப்பு. தரவுகூடத் தேடி அலைய வேண்டாம். தோட்டக் காரியாலயங்களின் செக்ரோல் என்ற பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிறது.

நாட்டின் கணக்கிலும் மலையகம் தனி நிரலாகத்தான் நிற்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் குடும்பங்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமானச் செலவு அளவீட்டில் நாடு முழுவதும் வறுமையில் இருந்தவர்கள் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். இந்த எண்ணை எல்லாரும் மேடையில் எடுத்துப் பேசுகிறோம். ஆனால் வறுமைக்கோட்டை எப்படிப் போடுவது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எந்தெந்த வீட்டை மாதிரியாக எடுப்பது, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று தீர்மானிக்கும் மேசையில் லயத்தைத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். மு. சின்னத்தம்பி, சோ. சந்திரசேகரன், தை. தனராஜ் போன்ற பேராசிரியர்கள் பொருளியலிலும் கல்வியியலிலும் மலையகத்தை ஆராய்ந்து பாதை போட்டார்கள். அந்தப் பாதை புள்ளிவிபரவியலுக்கும் நீள வேண்டும்.

முதல் பட்டம்வரை ஓர் ஏணி உண்டு

முதல் பட்டம்வரை இந்த நாடு ஓர் ஏணி போட்டிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 1945இல் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம்வரை நீள்கிறது. தோட்டப் பாடசாலைகளுக்கு அதன் பலன் காலம் தாழ்த்தித்தான் கிடைத்தது. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்ற பிறகே நிலைமை மெல்ல மாறியது. இன்று ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற பாடசாலைகளிலிருந்து கணிதப் பிரிவுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவது வழக்கமாகிவிட்டது.

அவர்கள் போகும் வாசலைத் திறப்பதும் புள்ளிவிபரவியல்தான். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த இசட் புள்ளி முறை 2001இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் எல்லாருடைய சராசரியிலிருந்தும் ஒரு மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்த்து, அதை நியம விலகலால் பிரிப்பார்கள். கடினமான பாடம் எடுத்தவருக்கும் இலகுவான பாடம் எடுத்தவருக்கும் ஒரே தராசு கிடைக்கிறது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தது செல்லாது என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சூத்திரம் எத்தனை வீடுகளின் அடுப்பைத் தொடும் என்பதை அன்று நாடே பார்த்தது.

இந்தப் புள்ளியோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா இந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. உள்ளே போனதும் மகாபொல. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அந்த உதவித்தொகை மாதம் 5,000 ரூபாயாக நெடுநாள் நின்று, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. போதாதுதான். ஆனாலும் மாதாமாதம் ஒரு காசு வருகிறது, விடுதி இருக்கிறது, விரிவுரைக்குக் கட்டணமில்லை.

பட்டமளிப்புக்கு மறுநாள்

பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் இவை எல்லாம் நின்றுவிடுகின்றன. மகாபொல முதல் பட்டத்தோடு முடிகிறது. பட்டப்பின் படிப்புக்கு மாவட்ட ஒதுக்கீடு இல்லை. அரச பல்கலைக்கழகத்திலும் முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. அது இலட்சங்களில் போகிறது. பேராதனையில் 1996இல் உருவான விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் பிரயோகப் புள்ளிவிபரவியலில் முதுமாணி நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகமும் நடத்துகிறது. இத்தகைய பாடநெறிகள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பவை. வங்கியிலோ காப்புறுதிக் கம்பனியிலோ வேலைசெய்துகொண்டு படிப்பவருக்கு அது வசதி. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குப் பஸ்ஸில் வரவேண்டிய ஹட்டன் பிள்ளைக்குச் சனிக்கிழமைக் காலை விரிவுரை என்றால் வெள்ளிக்கிழமை இரவே எங்காவது தங்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் எங்கே தங்குவது என்ற கேள்வியிலேயே பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது.

தகுதியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பட்டம் 5ஆம் நிலை, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் நிலை. ஆய்வு சேர்ந்த முதுமாணி 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. ஆய்வுப் பட்டத்துக்கு நேரே போக வேண்டுமானால் சிறப்புப் பட்டம் வேண்டும். சிறப்புப் பட்டத்துக்கான இடமோ முதலிரண்டு வருடப் புள்ளிகளை வைத்துத்தான் கிடைக்கிறது.

உயர்தரம்வரை தமிழில் படித்த பிள்ளை முதல் வருடம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறாள். நிகழ்தகவு அவளுக்குத் தெரியும். கேள்வியில் கேட்டது என்ன என்பது பிடிபடக் கொஞ்சக் காலம் எடுக்கிறது. அந்தக் கொஞ்சக் காலத்தில் போன புள்ளி, இரண்டு வருடம் கழித்துச் சிறப்புப் பட்டத்தை மறிக்கிறது. அதற்கும் பிறகு முதுதத்துவமாணியை மறிக்கிறது. பட்டப்பின் மாணவருக்கான ஆதரவு பட்டப்பின் படிப்பில் தொடங்கினால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடைசியாக வீடு. இருபத்தைந்து வயதில் பட்டம் பெற்ற பிள்ளையின் தாய் இன்னும் மலைக்குப் போகிறாள். 2021இல் 1,000 ரூபாயாக இருந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. அடகிலிருக்கும் நகை, தம்பியின் படிப்பு, கூரைத் தகரம் எல்லாம் அந்தப் பட்டத்துக்காகக் காத்திருந்தவை. ஆசிரியர் நியமனம் வந்தால் அதை ஏற்பதுதான் நியாயம். மலையகப் பாடசாலைகளுக்குக் கணித ஆசிரியர் தேவை என்பதும் உண்மை. ஆனால் மேலே படிக்க விரும்பும் ஒருவருக்கு அது ஒன்றுதான் வழி என்று ஆகிவிடக்கூடாது.

பதினேழு நாள் பேர்

வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்பு பணக்காரர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. புள்ளிவிபரவியலில் அது பாதிதான் உண்மை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பட்ட மாணவர்களுள் பெரும்பாலானோர் கட்டணம் கட்டுவதில்லை. துறையே அவர்களைக் கற்பித்தல் உதவியாளராக நியமித்து மாதச் சம்பளம் தருகிறது. உயிரியல், வணிகம், உளவியல் படிப்பவர்கள் எல்லாரும் அங்கே ஆரம்பப் புள்ளிவிபரவியல் படித்தாக வேண்டும். அத்தனை பேருக்கும் பயிற்சி வகுப்பு எடுக்கவும் விடைத்தாள் திருத்தவும் ஆள் வேண்டும். மாணவர் விசாவில் உள்ளவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்குமேல் வேலைசெய்யக்கூடாது என்பதும் சட்டம். முதுமாணி இல்லாமலே, நல்ல சிறப்புப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதுமாணிக்கு மட்டும் போவோருக்கு இந்த உதவி அரிது. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆனால் அந்த வாசலைத் தட்டவே காசு வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 75 டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபாய் என்றால் 22,500 ரூபாய். 2024இன் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது பதினேழு நாள் பேர். ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை; ஐந்தாறுக்காவது போட வேண்டும். பட்டப்பின் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையான ஜி.ஆர்.ஈ.க்கு 220 டொலர். அது இன்னும் 49 நாள். நல்ல வேளையாகப் பல துறைகள் இந்தப் பரீட்சையைக் கைவிட்டுவிட்டன. கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தை விலக்கித்தரும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. கேட்கலாம் என்பதையே நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்தியாவிலிருந்து படிக்க வேண்டியது வேறொரு பாடம். இந்தியப் புள்ளியியல் நிறுவகம் முதுநிலைப் புள்ளிவிபரவியல் மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அவர்களுக்கு மாதம் 8,000 இந்திய ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. படிப்பில் தேறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆய்வு மாணவருக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை அந்த நாட்டில் 2023இலிருந்து மாதம் 37,000 இந்திய ரூபாய். திறமையுள்ளவர் காசில்லாமல் விலகிப்போவது நாட்டுக்கு நட்டம் என்று அங்கே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இலங்கை மாணவர் இந்தியாவில் முதுமாணி படிக்க மௌலானா ஆசாத் பெயரிலான புலமைப்பரிசிலும் உண்டு. கட்டணமும் மாதச் செலவும் அதில் அடங்கும்.

துறை எழுதிவைக்க வேண்டியவை

காசு மட்டும் போதாது. நம் பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் மாணவரின் வாழ்க்கை பெரிதும் வாய்மொழியில் நடக்கிறது. மேற்பார்வையாளர் நல்லவராக அமைந்தால் எல்லாம் நடக்கும். இல்லாவிட்டால் வருடங்கள் போகும். முறையிட எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. பல்கலைக்கழகத்தில் மாமனோ சித்தப்பாவோ இருக்கும் பிள்ளை காதோடு கேட்டுத் தெரிந்துகொள்ளும். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் கண்ட பிள்ளைக்கு எழுத்தில் உள்ள விதிதான் மாமனும் சித்தப்பாவும். வெளிநாட்டுத் துறைகள் ஒவ்வொரு பட்டப்பின் மாணவருக்கும் ஒரு கைநூல் கொடுப்பது இதற்காகத்தான். நம் துறைகளும் குறைந்தது இவற்றை எழுதிக் கையில் கொடுக்கலாம்:

• பதிவு செய்யும் நாளிலேயே கட்டணம் எவ்வளவு, தவணையாகக் கட்டலாமா, எந்த உதவி எத்தனை மாதத்துக்கு என்று ஒரே தாளில் இருக்க வேண்டும்.

• தற்காலிகப் போதனாசிரியர், உதவி விரிவுரையாளர் இடங்களை வெளிப்படையாக அறிவித்து, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்ற எல்லையையும் வைக்க வேண்டும். கற்பித்தலே ஆய்வை விழுங்கிவிடக்கூடாது.

• மேற்பார்வையாளரும் மாணவரும் எத்தனை கிழமைக்கு ஒருமுறை சந்திப்பது, எழுதிக் கொடுத்த அத்தியாயத்தைத் திருத்தித் தர எவ்வளவு காலம் என்று தொடக்கத்திலேயே உடன்பட வேண்டும்.

• வருடத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைப் பார்க்க மேற்பார்வையாளர் அல்லாத இன்னொருவரும் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரை மாற்றக் கேட்பது குற்றமாகக் கருதப்படக்கூடாது.

• நோய், பிரசவம், வீட்டில் இழப்பு வந்தால் பதிவை நிறுத்திவைத்துத் திரும்பிவர வழி வேண்டும். அந்தக் காலத்துக்குக் கட்டணம் அறவிடக்கூடாது.

• தமிழில் படித்து வந்தவர்களுக்கு ஆய்வு எழுத்திலும் கணினி மொழியிலும் முதல் வருடத்திலேயே உதவி வகுப்பு வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். ஒரு துறைக் கூட்டமும் உறுதியும் போதும். இன்னொன்றையும் புள்ளிவிபரவியல் துறைகளிடம் உரிமையோடு கேட்கலாம். எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடிக்க எத்தனை வருடம், இடையில் விட்டவர்கள் எந்த மாவட்டத்தவர் என்ற விபரங்களை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அளக்கக் கற்றுத்தரும் துறை தன்னைத்தானே அளந்து காட்டுவதுதான் முறை. எந்தப் படியில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்தப் படியைத் திருத்த முடியும்.

காசு எங்கிருந்து வரும்?

மலையகத்தில் கல்விக்கென்று கைகொடுக்கும் அமைப்புகள் இல்லாமல் இல்லை. இந்திய அரசாங்கத்தின் ஆதரவோடு 1940களில் உருவான தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் புலமைப்பரிசில் கொடுத்துவருகிறது. தொழிற்சங்கங்கள் கொடுக்கின்றன; வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் கொடுக்கின்றன. ஆனால் இந்த உதவிகளின் கவனம் பாடசாலையிலும் முதல் பட்டத்திலும்தான். பல்கலைக்கழகம் போய்விட்டால் பிள்ளை கரைசேர்ந்துவிட்டது என்ற எண்ணம் நம் எல்லாரிடமும் இருக்கிறது.

அந்த எண்ணம் மாற வேண்டும். பட்டம் முடித்த பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு மட்டும் ஒரு பாலம் போடுங்கள்: உள்ளூர் முதுமாணியின் முதல் தவணைக் கட்டணம், அல்லது ஐந்து வெளிநாட்டு விண்ணப்பங்களின் செலவு. மேலே போட்ட கணக்கின்படி ஐந்து விண்ணப்பத்துக்கு 1,12,500 ரூபாய். தனி ஒரு தாய்க்கு அது 83 நாள் உழைப்பு. ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு அது ஒரு வருடாந்த ஒன்றுகூடலின் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டியதும் ஒன்றிருக்கிறது. பின்தங்கிய மாவட்டம் என்று நீங்களே பெயர் சூட்டிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு, முதல் பட்ட வாசலில் காட்டும் கரிசனத்தில் ஒரு பங்கையாவது முதுமாணி வாசலிலும் காட்டுங்கள். கட்டணக் குறைப்பாக இருக்கலாம், வார இறுதி விடுதி இடமாக இருக்கலாம்.

இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: இறுதி வருடம் தொடங்கும்போதே உங்கள் துறையில் ஒரு விரிவுரையாளரிடம் போய், மேலே படிக்க விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிபாரிசுக் கடிதம் எழுதுபவர் உங்களை ஒரு வருடமாவது அறிந்திருக்க வேண்டும். எந்தப் படிப்பில் சேர்வதானாலும், காசு எத்தனை வருடத்துக்கு உறுதி, எந்தப் பரீட்சையில் தவறினால் அது நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வுத் தலைப்புத் தேடும்போது வீட்டுப் பக்கமும் பாருங்கள். மழைக்கும் கொழுந்துக்கும் உள்ள தொடர்பு, நாட்சம்பளத்துக்கும் பிள்ளைகளின் எடைக்கும் உள்ள தொடர்பு, மண்சரிவு வரக்கூடிய லயங்களின் வரைபடம் எல்லாம் உலகத் தரமான ஆய்வுக்கு இடம் தருபவை. அவற்றை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் வேறு யாருமில்லை.

நாளைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் மேசையில் தோட்ட நிருவாகம் ஓர் எண்ணைச் சொல்லும், தொழிற்சங்கம் ஓர் எண்ணைச் சொல்லும். எது சரி என்று தரவைக் கையில் வைத்துக்கொண்டு பேச அங்கே ஒரு மலையகப் புள்ளிவிபரவியலாளர் உட்கார வேண்டும். அவர் இன்று ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இறுதி வருடத்தில் இருக்கலாம். அவரை அடுத்த வகுப்புக்கு அனுப்ப ஒரு வருடக் காசும் எழுதிய நாலு விதியும் போதும். இரண்டும் நம்மால் முடியும். இந்த வருடமே தொடங்குவோம்.